தண்ணீர்த் தொட்டியில் கரைத்த மருந்து

பிராய்லர் கோழியைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஹார்மோன் ஊசியில்தான் வந்து நிற்கிறது. ஆறு வாரத்தில் ஒரு குஞ்சு இரண்டு கிலோவைத் தாண்டுகிறதே, உள்ளே எதையாவது ஏற்றாமல் எப்படி முடியும் என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வருவது முதல் ஆண்களின் தொப்பை வரை எல்லாப் பழியும் அந்த ஊசியின் மேல்தான். அப்படி ஓர் ஊசி இல்லை. வளர்ச்சி ஹார்மோன் என்பது ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் குடலிலேயே செரித்துப்போகும். ஊசியாகப் போட்டால்தான் வேலை செய்யும், அதையும் திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஐயாயிரம் குஞ்சுகள் திரியும் ஷெட்டில் ஒவ்வொன்றாகப் பிடித்து அடிக்கடி ஊசி குத்தினால், அதற்கு ஆகும் கூலியிலேயே கோழியின் விலை காணாமல் போய்விடும். வேகமான வளர்ச்சிக்கு விடை வேறிடத்தில் இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957-ஆம், 1978-ஆம் ஆண்டுகளின் கோழி வகைகளை அப்படியே மாறாமல் காத்து வைத்திருந்தார்கள். அவற்றையும் 2005-ஆம் ஆண்டின் வணிக வகையையும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். 56-ஆம் நாளில் 1957-இன் கோழி 905 கிராம் இருந்தது. 1978-இன் கோழி 1,808 கிராம். 2005-இன் கோழி 4,202 கிராம். வேகமாக வளர்வதையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து இனம் பெருக்கியதன் பலன் அது.

இல்லாத ஊசியைப் பார்த்துப் பயப்படுவதில் ஒரு நஷ்டம் உண்டு. உண்மையிலேயே கோழிக்குள் போகிற மருந்து நம் கண்ணில் படுவதில்லை. அது ஆன்டிபயாட்டிக். அதையும் நாம் தவறான இடத்தில்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். கறியில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று சோதிக்கிறோம். ‘ஆன்டிபயாட்டிக் இல்லாதது’ என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் நிம்மதியாகிறோம். ஆபத்தின் பெரும்பங்கு கறியில் மிஞ்சும் மருந்தில் இல்லை. அந்த மருந்தைத் தாங்கிப் பிழைத்த பாக்டீரியாவில் இருக்கிறது. அது உருவாகும் இடம் பண்ணை. ஆகவே தட்டில் உள்ளதை அளப்பதைவிட, ஷெட்டில் ஒரு பேட்சுக்கு எவ்வளவு மருந்து செலவாயிற்று என்று கணக்கெடுப்பதே முதல் வேலை. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

கோழித் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் நுழைந்ததே ஒரு தற்செயல். 1940-களின் கடைசியில் அமெரிக்காவின் லெடர்லி மருந்து நிறுவனத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டட் என்ற இருவர் கோழிக்குஞ்சுகளுக்கு வைட்டமின் பி12 கொடுக்க மலிவான வழி தேடினார்கள். ஆரியோமைசின் மருந்து தயாரித்தபின் மிஞ்சிய நொதித்த சக்கையைக் குஞ்சுகளுக்குப் போட்டபோது அவை எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்தன. வைட்டமின் மட்டும் காரணமல்ல, சக்கையில் ஒட்டிக்கொண்டிருந்த சொற்ப மருந்தும் காரணம் என்பது பிறகு தெரிந்தது. நோயே இல்லாத உயிருக்கு, நோயைக் குணப்படுத்தப் போதாத அளவில், வாழ்நாள் முழுக்க மருந்து கொடுக்கும் பழக்கம் அங்கிருந்து உலகெங்கும் பரவியது. எதிர்ப்பு எழாமல் இல்லை. 1969-இலேயே பிரிட்டனில் ஸ்வான் குழு, மனித சிகிச்சைக்குப் பயன்படும் மருந்துகளை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கக் கூடாது என்று அறிக்கை கொடுத்தது. 1986-இல் ஸ்வீடன் வளர்ச்சிக்கான ஆன்டிபயாட்டிக்கை முற்றாக நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அதைச் செய்து முடிக்க 2006 ஜனவரி ஆயிற்று.

வளர்ச்சிக்காகக் கொடுப்பது ஒருபுறம் இருக்க, நோய்க்குக் கொடுப்பது நியாயம்தானே என்று தோன்றும். இங்கேதான் பண்ணையின் நடைமுறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே வயதுள்ள, ஏறத்தாழ ஒரே மரபுள்ள ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே கூரையின் கீழ், தங்கள் எச்சத்தின் மேலேயே வளர்கின்றன. ஒன்றுக்குத் தொற்றினால் மற்றவற்றுக்கு வர அதிக நேரம் ஆகாது. நம் ஊர்களில் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் ராணிக்கெட் நோய், 1920-களில் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கெட் ஊரில் கண்டறியப்பட்டு அந்தப் பெயர் பெற்றது. அது வைரஸ் நோய். கம்போரோ, மாரெக், பறவைக் காய்ச்சல் எல்லாமும் வைரஸ் நோய்கள்தாம். இவற்றில் எதன்மேலும் ஆன்டிபயாட்டிக்குக்கு வேலை இல்லை. இரத்தக் கழிச்சலை உண்டாக்குவது வேறொரு வகை ஒட்டுண்ணி. ஆனால் வைரஸ் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கியபின் அந்த வழியே ஈ-கோலை பாக்டீரியா நுழைந்து காற்றறைகளிலும் கல்லீரலிலும் சீழ் பிடிக்கச் செய்யும். காற்றோட்டம் குறைந்து அம்மோனியா நெடி ஏறிய ஷெட்டில் இது இன்னும் சுலபம். அப்போது ஆன்டிபயாட்டிக் தேவைப்படுவது உண்மை. யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். ஐயாயிரத்தில் சுணங்கி நிற்கும் ஐம்பதைத் தனியே பிடித்து வைத்தியம் பார்க்க முடியாது. எனவே மருந்தைத் தண்ணீர்த் தொட்டியில் கரைத்துவிடுகிறார்கள். நலமாக இருக்கும் கோழி நிறையக் குடிக்கிறது. நோயுற்றது கொஞ்சமாகக் குடிக்கிறது அல்லது குடிப்பதே இல்லை. மருந்து அதிகம் தேவைப்படும் உடம்புக்குக் குறைவாகவும், தேவையே இல்லாத உடம்புக்கு நிறையவும் போய்ச்சேரும் விநோதமான வைத்தியம் இது. அடுத்த பேட்சுக்கும் இதே நோய் வந்துவிடுமோ என்ற பயத்தில் குஞ்சு இறக்கிய முதல் வாரமே தொட்டியில் மருந்து விழுந்தால், சிகிச்சைக்கும் தடுப்புக்கும் வளர்ச்சிக்கும் இடையிலான கோடு அழிந்துபோகிறது.

அரைகுறை அளவில் மருந்து படும்போது என்ன நடக்கிறது என்பதை 1970-களில் அமெரிக்க மருத்துவர் ஸ்டூவர்ட் லெவி ஒரு பண்ணையில் நேரடியாகக் காட்டினார். முந்நூறு கோழிகளில் ஒரு பாதிக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம். மறு பாதிக்குச் சாதாரணத் தீவனம். ஒரே வாரத்தில் மருந்து தின்ற கோழிகளின் குடல் பாக்டீரியா ஏறக்குறைய முழுவதும் அந்த மருந்துக்கு அடங்காததாக மாறிவிட்டது. சில வாரங்கள் கழித்து, கொடுக்கவே கொடுக்காத வேறு பல மருந்துகளுக்கும் அது அடங்க மறுத்தது. அதற்குக் காரணம் உண்டு. எதிர்ப்பைத் தரும் மரபணுக்கள் பலவும் பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையத்தில் சேர்ந்தே உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பாக்டீரியா அந்த வளையத்தை நகலெடுத்துப் பக்கத்திலிருக்கும் வேறொரு இன பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். ஒரு மருந்தைப் போட்டு ஒன்றைத் தூண்டினால் மற்றவையும் கூடவே வரும். லெவியின் ஆய்வில் அதைவிட முக்கியமான விவரம் மனிதர்களைப் பற்றியது. ஐந்தாறு மாதங்களில் பண்ணையில் குடியிருந்தவர்களின் மலத்தில் டெட்ராசைக்ளினுக்கு அடங்காத பாக்டீரியா பெருகியிருந்தது. அக்கம்பக்கத்து வீட்டாரிடம் அப்படி இல்லை. மருந்துத் தீவனத்தை நிறுத்திய ஆறு மாதத்தில் பண்ணையாட்களில் பெரும்பாலோரிடமிருந்து அது மறைந்தது. கோழிக்குக் கொடுத்த மருந்தின் விளைவு மனிதக் குடலுக்கு வந்து சேர, யாரும் கறியில் மருந்து தின்ன வேண்டியிருக்கவில்லை.

நம் நாட்டில் விவாதம் கறியில் மிஞ்சும் மருந்தைச் சுற்றியே நடந்ததற்கு ஒரு சரித்திரம் உண்டு. 2014-இல் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தலைநகர வட்டாரத்தில் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்து, 40 சதவீதத்தில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருப்பதாக அறிவித்தது. நாடு முழுக்கச் செய்தியாயிற்று. பிறகு உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சத்துக்கு உச்சவரம்புகள் வகுத்தது. தவறில்லை, வேண்டியதுதான். ஆனால் எச்சச் சோதனையில் தேறுவது ஒன்றும் பெரிய காரியமல்ல. விற்பதற்குச் சில நாள் முன்பே மருந்தை நிறுத்திவிட்டால் கோழியின் உடம்பு அதை வெளியேற்றிவிடும். அதற்கென்றே ஒவ்வொரு மருந்துக்கும் விலக்குக் காலம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். குடலில் தங்கிவிட்ட பாக்டீரியாவுக்கு விலக்குக் காலம் கிடையாது. பஞ்சாபில் 18 பண்ணைகளில் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். மருத்துவமனைகளில் தினமும் போடும் செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை உடைத்துப்போடும் நொதியைச் சுரக்கும் ஈ-கோலை, கறிக்கோழிப் பண்ணை மாதிரிகளில் 87 சதவீதமும், முட்டைக்கோழிப் பண்ணை மாதிரிகளில் 42 சதவீதமும் இருந்தது. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் யோசிக்க வைக்கிறது. முட்டைக்கோழி தினமும் முட்டையிடுகிறது, முட்டை தினமும் விற்பனைக்குப் போகிறது. விலக்குக் காலம் கடைப்பிடிக்க அங்கே இடமில்லாததால் மருந்தில் கை சற்றுச் சுருங்கவே செய்யும். ஆனால் 42 சதவீதமும் சிறிய எண்ணல்ல.

இந்த விவகாரத்தில் கொலிஸ்டின் என்ற மருந்தின் கதையைத் தனியே சொல்ல வேண்டும். ஜப்பானில் 1940-களின் இறுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதர்களுக்குக் கொடுத்தபோது சிறுநீரகத்தைக் கெடுத்தது. அதைவிடப் பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் 1970-களில் டாக்டர்கள் அதைக் கைவிட்டார்கள். டாக்டர்களுக்கு வேண்டாததாயிற்றே என்று கால்நடைத் துறை மலிவாக எடுத்துக்கொண்டது. பன்றிக்கும் கோழிக்கும் டன் கணக்கில் போயிற்று. இதற்கிடையே மருத்துவமனைகளில் மற்ற மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டே வந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு எதற்கும் அடங்காத கிருமி வந்தால் சிறுநீரகம் போனாலும் பரவாயில்லை, உயிர் பிழைக்கட்டும் என்று பழைய கொலிஸ்டினையே மீண்டும் தேடிப்போனார்கள். அது கடைசி மருந்தாக ஆன அதே காலத்தில் பண்ணைகளில் தினசரி மருந்தாகவும் இருந்தது. 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் எம்சிஆர்-1 என்ற மரபணுவை அறிவித்தார்கள். கொலிஸ்டினுக்கு எதிர்ப்பு அதற்கு முன்பும் இருந்தது, ஆனால் அது ஒரு பாக்டீரியாவின் சொந்த வம்சத்தோடு நின்றது. பிளாஸ்மிட்டில் ஏறிப் பிற இனங்களுக்குத் தாவும் எதிர்ப்பு இதுதான் முதல் முறை. அவர்கள் பார்த்த கால்நடை மாதிரிகளில் 21 சதவீதம், கடைக் கறியில் 15 சதவீதம், மருத்துவமனை நோயாளிகளில் 1 சதவீதம் என்று அது காணப்பட்டது. எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போயிருக்கும் என்பதை அந்த மூன்று எண்களே சொல்லிவிடுகின்றன. சீனா 2017 ஏப்ரலோடு தீவனத்தில் கொலிஸ்டினை நிறுத்தியது. இந்தியா 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்குக் கொலிஸ்டின் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது.

இந்த வாதத்துக்கு வரும் மறுப்புகளில் மிகச் சாதாரணமானது: நாம் கோழியைப் பச்சையாகவா தின்கிறோம்? கொதிக்கிற குழம்பில் எந்தக் கிருமி பிழைக்கும்? பிழைக்காதுதான். நன்றாக வெந்த கறியால் தொற்று வருவதில்லை, இதில் யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கறி வேகும்வரை என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். குழாயடியில் கறியை அலசும்போது தெறிக்கும் நீர், அதே பலகையில் அடுத்து நறுக்கும் வெள்ளரிக்காய், கறிக்கடைக்காரரின் கையும் துணியும் என்று வழிகள் பல. சமையலறைக்கே வராத வழிகள் இன்னும் பெரியவை. பல்லடம் வட்டாரத்தில் தேங்காய் நார்க்கழிவு பரப்பி அதன்மேல் கோழி வளர்க்கிறார்கள். பேட்ச் முடிந்ததும் எச்சத்தோடு சேர்ந்த அந்த எரு காட்டுக்கும் தோட்டத்துக்கும் போகிறது. நாமக்கல்லில் முட்டைக்கோழிக் கூண்டுகளின் கீழே குவியும் எருவும் அப்படியே. மக்காமல் மண்ணில் சேரும் எருவோடு பாக்டீரியாவும் அதன் மரபணுக்களும் சேர்கின்றன. மழை அவற்றை ஓடைக்கும் கிணற்றுக்கும் கொண்டுபோகிறது. சைவம் மட்டுமே உண்பவரும் இந்த வட்டத்துக்கு வெளியே இல்லை. பண்ணையில் வேலை செய்பவர்களோ வட்டத்தின் நடுவில் நிற்கிறார்கள். எரு அள்ளும் பெண்ணுக்குக் கையுறை யார் கொடுக்கிறார்கள்?

இரண்டாவது மறுப்பு கனமானது. எதிர்ப்புக் கிருமிகளை வளர்ப்பதில் பெரும்பங்கு மருத்துவமனைக்கும் மருந்துக்கடைக்கும் உரியது. சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்கி இரண்டு நாளில் நிறுத்தும் நாம்தான் குற்றவாளிகள். கோழியை ஏன் இழுக்க வேண்டும் என்பது அது. இதில் பாதி உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டும். கொலிஸ்டினையே எடுத்துக்கொண்டால், இந்திய மருத்துவமனைகளில் கிளெப்சியெல்லா கிருமி அதற்கு அடங்காமல் போவது பெரும்பாலும் அதன் சொந்த மரபணுவில் வரும் மாற்றத்தால்தான். எம்சிஆர் அங்கே அபூர்வம். 2019-இல் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றால் நேரடியாக இறந்தார்கள் என்று லான்செட் இதழ் 2022-இல் மதிப்பிட்டது. அதை முழுதும் கோழியின் கணக்கில் எழுதுவது அறிவியல் ஆகாது. ஆனால் பண்ணையிலிருந்து மனிதருக்கு வரும் பாதை ஒன்று இருக்கிறதா, அதை அடைக்க முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்குக் கனடாவின் கியூபெக் மாகாணம் யாரும் திட்டமிடாத ஒரு சோதனைக்களமாக அமைந்தது.

கியூபெக்கின் கோழிப் பொரிப்பகங்களில் செஃப்டியோஃபர் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் குஞ்சு பொரியும் முன்பே முட்டைக்குள் ஊசியால் செலுத்திவந்தார்கள். கோழிக்கு ஊசி என்று ஊரே பேசும் கதைக்கு நிஜத்தில் ஏதேனும் ஆதாரம் உண்டென்றால் இதைத்தான் சொல்லலாம். என்ன, அதில் இருந்தது ஹார்மோன் அல்ல. அந்த மருந்து, மனிதர்களுக்குக் கடுமையான தொற்றில் கொடுக்கும் செஃப்ட்ரியாக்ஸோனின் நெருங்கிய உறவு. கடைக் கோழிக்கறியில் கிடைத்த சால்மோனெல்லா ஹைடல்பர்க் கிருமியில் 62 சதவீதம் செஃப்டியோஃபருக்கு அடங்காததாக இருந்தது. மனித நோயாளிகளிடமும் அதே கிருமி, அதே எதிர்ப்பு. 2005-இல் பொரிப்பகங்கள் தாமாகவே ஊசியை நிறுத்தின. ஓராண்டில் கறியில் 62 என்பது 7 ஆனது. நோயாளிகளிடமும் சேர்ந்தே இறங்கியது. பிறகு ஓரளவு மருந்தை மீண்டும் தொடங்கினார்கள். கறியில் 20 சதவீதத்துக்கு ஏறியது. மருந்து நின்றதும் இறங்கி, வந்ததும் ஏறிய இந்தக் கணக்கை மருத்துவமனையின் தலையில் கட்ட முடியாது. சீனாவிலும் இதே கதைதான். கொலிஸ்டின் தடைக்கு முன்னும் பின்னும் கோழிகளில் அதற்கு அடங்காத ஈ-கோலை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கும், பன்றிகளில் 34-இலிருந்து 5-க்கும் வந்தது. எதிர்ப்பு ஒருமுறை வந்தால் போகாது என்ற மனச்சோர்வுக்கு இந்த எண்கள் பதில் சொல்கின்றன. அமெரிக்கா இதே நியாயத்தில்தான் கோழிக்கு என்ரோஃப்ளாக்ஸசின் கொடுப்பதை 2005-இல் ரத்து செய்தது. தயாரிப்பாளர் ஐந்தாண்டு வழக்காடிய பிறகே அது நடந்தது. நம்மூர்க் கால்நடை மருந்துக்கடைகளில் அது இன்றும் சாதாரணச் சரக்கு.

விலை ஏறிவிடும் என்ற மூன்றாவது மறுப்பை ஏழை வீட்டுச் சமையலை மனதில் வைத்துக் கேட்க வேண்டும். இன்று மலிவாகக் கிடைக்கும் புரதம் முட்டையும் பிராய்லரும்தான். அதைப் பறிப்பது அநியாயம். டென்மார்க்கின் கறிக்கோழிப் பண்ணையாளர்கள் 1998-இல் வளர்ச்சிக்கான ஆன்டிபயாட்டிக்கைத் தாமாகவே நிறுத்தினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2002-இல் அங்கே போய்க் கணக்குப் பார்த்தது. கோழிகளின் சாவு கூடவில்லை, எடை குறையவில்லை. ஒரு கிலோ கறிக்குத் தேவைப்படும் தீவனம் மட்டும் சற்றே கூடியது. அந்தக் கூடுதல் செலவை மருந்து வாங்காததில் மிஞ்சிய பணம் ஈடுகட்டியது. அவோபார்சின் என்ற தீவன மருந்தை 1995-இல் தடை செய்தபின், அதன் உறவான வான்கோமைசினுக்கு அடங்காத பாக்டீரியா அந்நாட்டுக் கோழிகளில் 72.7 சதவீதத்திலிருந்து ஐந்தே ஆண்டில் 5.8-க்கு வந்தது. பன்றிகளில் இவ்வளவு சுலபமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்குக் கழிச்சல் வந்து, சில காலம் சிகிச்சை மருந்து கூடியது. டென்மார்க்கின் ஷெட்டும் தாராபுரத்து ஷெட்டும் ஒன்றல்ல என்ற வாதமும் சரியே. அங்கே குளிர், இங்கே வெயில்; அங்கே மூடிய கட்டடம், இங்கே வலைத் தடுப்பு. ஆனால் அந்த வித்தியாசம் காட்டுவது ஷெட்டைச் சீர்படுத்த வேண்டிய தேவையை. மருந்தைத் தொடர்வதற்கு அது காரணமாகாது. இடநெருக்கடியைக் குறைப்பது, நார்க்கழிவைக் கிளறி உலர வைப்பது, தண்ணீரைக் குளோரின் போட்டுச் சுத்தமாக்குவது, பேட்சுக்குப் பேட்ச் ஷெட்டைக் காலியாகப் போடுவது, வாசலில் கால் நனைக்கும் கிருமிநாசினித் தொட்டி வைப்பது எல்லாம் நம் கால்நடைக் கல்லூரிகள் பல காலமாகச் சொல்லிவருபவை. நாமக்கல்லிலேயே அப்படி ஒரு கல்லூரி இருக்கிறது.

தெரிந்தும் ஏன் நடப்பதில்லை என்றால், முடிவெடுப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். கொங்கு மண்டலத்தில் கறிக்கோழி பெரும்பாலும் ஒப்பந்த முறையில் வளர்கிறது. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. ஷெட்டும் உழைப்பும் விவசாயியுடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. தீவனம் கூடுதலாகத் தின்றாலோ சாவு அதிகமானாலோ கூலி குறையும். இந்த ஏற்பாட்டில் காற்றாடி வைக்கவும் கூரை உயர்த்தவும் ஆகும் செலவு விவசாயிக்கு. சாவு கூடினால் நஷ்டமும் அவருக்கே. மருந்துதான் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, சூப்பர்வைசர் சொன்னால் தொட்டியில் ஊற்ற வேண்டியதுதான். அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்கும் நிலையில் விவசாயி இல்லை. விவசாயியைத் திட்டும் கட்டுரைகள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. டென்மார்க் 1990-களின் நடுவில் இதன் வேரைத் தொட்டது. கால்நடை மருத்துவர் தானே எழுதித் தானே விற்கும் மருந்தில் லாபம் பார்க்க முடியாதபடி சட்டம் செய்தது. மருந்து விற்பனை சட்டென்று குறைந்தது. மருந்தை எழுதுபவரும் விற்பவரும் கோழிக்குச் சொந்தக்காரரும் ஒருவராகவே இருக்கும் இடத்தில் வேறு என்ன எதிர்பார்ப்பது?

நாட்டுக்கோழிக்கு மாறிவிட்டால் போதும் என்று சிலர் சுலபமாக முடித்துவிடுகிறார்கள். கொல்லையில் மேயும் பத்துக் கோழிக்கு அது பொருந்தும். ஆயிரக்கணக்கில் ஷெட்டில் அடைத்து வளர்த்து நாட்டுக்கோழி என்று விற்பதற்குப் பொருந்தாது. இனம் எதுவானாலும் நெருக்கம் ஒன்றேதான், தொட்டியில் விழும் மருந்தும் ஒன்றேதான். இதைவிட உருப்படியான வழி தடுப்பூசி. நார்வேயில் 1987-இல் சால்மன் மீன் பண்ணைகள் ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாட்டிக் செலவிட்டன. நல்ல தடுப்பூசி வந்தபின் மீன் உற்பத்தி பல மடங்கு பெருகியும் மருந்து ஓரிரு டன்னுக்கு இறங்கியது. தமிழகத்தில் ஒவ்வொரு பிப்ரவரியிலும் கால்நடைப் பராமரிப்புத் துறை புறக்கடைக் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. ஆன்டிபயாட்டிக் எதிர்ப்புக்கு எதிரான வேலையாக அதை யாரும் நினைப்பதில்லை. ஆனால் வைரஸ் வராவிட்டால் அதன் பின்னால் ஈ-கோலையும் வராது, தொட்டியில் மருந்து ஊற்றும் அவசியமும் வராது.

கொலிஸ்டினுக்குத் தடை போட்டதுபோல ஒவ்வொரு மருந்தாகத் தடுத்துக்கொண்டு போவதில் ஓரளவுக்கு மேல் பயன் இல்லை. ஒன்றை மூடினால் அடுத்ததற்குத் தாவுவார்கள், பிளாஸ்மிட்டுக்கு அது இன்னும் வசதி. நெதர்லாந்து வேறு வழி பிடித்தது. 2010-இல் ஒரு தனி ஆணையம் அமைத்து, ஒவ்வொரு பண்ணையும் ஒவ்வொரு கால்நடை மருத்துவரும் எவ்வளவு மருந்து செலவிட்டார்கள் என்று பதிந்து, ஒத்த பண்ணைகளோடு ஒப்பிட்டு, வரம்பைத் தாண்டியவரைக் கேள்வி கேட்டது. சில ஆண்டுகளில் நாட்டின் கால்நடை ஆன்டிபயாட்டிக் விற்பனை பாதியாகியது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல், நோயில்லாத மந்தைக்கு வழக்கமாக மருந்து கொடுப்பதையே தடை செய்து, மருந்துக் கணக்கையும் கட்டாயமாக்கியது. இந்தியாவில் எந்தப் பண்ணையில் எந்த மருந்து எவ்வளவு செலவாகிறது என்று பதிந்து வெளியிடும் ஏற்பாடு கிடையாது. சென்னையில் 2012-இல் கூடிய மருத்துவச் சங்கங்கள் ‘சென்னைப் பிரகடனம்’ என்ற பெயரில் மருத்துவமனைகளின் ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டுக்கு ஒரு வழிகாட்டுதலை நாட்டுக்குக் கொடுத்தன. பண்ணைக்கான கணக்கேட்டையும் இந்த மாநிலம் முதலில் தொடங்கலாம், அதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகளின் சத்துணவுக்கு முட்டை வாங்க அரசு டெண்டர் விடுகிறது. நாமக்கல் பண்ணைகளுக்கு அதைவிடப் பெரிய வாடிக்கையாளர் ஒருவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முட்டையின் எடையையும் நிறத்தையும் நிபந்தனையில் எழுதுகிற அரசு, பண்ணையின் ஓராண்டு மருந்துக் கணக்கையும் கால்நடை மருத்துவரின் கையெழுத்தோடு இணைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கட்டும். கணக்குக் காட்டும் பண்ணைக்கு முட்டைக்குச் சில பைசா கூடுதலாகவே கொடுக்கட்டும். அடுத்த டெண்டரிலேயே இதைச் செய்ய முடியும்.